ஒரு கிராம்

கடுங்காப்பி நிறம் என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.
எனக்கு அப்படித் தெரியவில்லை.
மழை பெய்த மறுநாள்
எங்கள் கடைவாசலில் ஓடுமே ஒரு தண்ணி,
பழைய சைக்கிள், ஷட்டர், முறுக்குக் கம்பி, ஃபேன் இறக்கை
எல்லாம் நனைந்து
சாக்கடை தேடிப் போகும் தண்ணி,
அந்த நிறம்.
சொட்டுச் சொட்டாக
என் இடது கைக்குள் இறங்குகிறது.

பெரியாஸ்பத்திரி.
திங்கள், புதன், வெள்ளி.
"என்ன வேலை பாக்குறீங்க மாயக்கா?"
பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே கேட்டார் நர்ஸ் எப்சிபா.
செல்லூரில் பழைய இரும்புக் கடை,
எடை போடுகிறேன் என்றேன்.
வார்டே சிரித்தது.
நானும் சிரித்தேன்,
மூச்சு வாங்கியது.

சீட்டில் ஆறு புள்ளி நாலு.
பன்னிரண்டாவது இருக்கணுமாம்.
மீதி எங்கே போச்சு என்று டாக்டரம்மா கேட்டது
திட்டுகிற குரலில் இல்லை.
மூன்று வருஷமாக
மாதம் பத்து நாள் போய்க்கொண்டிருந்ததை
நான் எந்த நோட்டிலும் எழுதியதில்லை.
வயசாகுதுல்ல என்பார் வீட்டுக்காரர்.
நாற்பத்தொன்று.

மாத்திரையும் தந்துதான் பார்த்தார்கள்.
வயிற்றைப் புரட்டியது.
புரட்டாமல் இருக்க டீயோடு விழுங்கினேன்.
அந்த டீயே இரும்பை உள்ளே விடாது என்பது
ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது.

உடம்பு கேட்டது ஐஸ்.
கடைக்கு எதிரே கரும்புச்சாறு பிழியும் சீனிச்சாமி
சாக்கில் சுற்றிய கட்டியைக் குத்தும்போது
தெறிக்கிற சில்லுக்கு நின்றிருப்பேன்.
சாறு வேண்டாம், ஐஸ் மட்டும்.
ஒரு டம்ளர், அப்புறம் இன்னொன்று.
கடைவாய்ப் பல் ஒன்று விண்டுபோனது.
ராத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்து
சுவரில் படிந்த பனியைக் கரண்டியால் சுரண்டியதைப்
பெரியவள் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் லைட்டை அணைத்தாள்.

ஜைத்தூனுக்குப் பச்சரிசி.
மூலைக் கட்டில் சித்தாள் அக்கா
சேலை நுனியால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்:
நனைந்த செங்கல் வாசம்.
மோந்து பார்ப்பதோடு நிற்கவில்லையாம்.
மூன்று பேரும் கொஞ்ச நேரம்
பாட்டிலையே பார்த்தோம்.

"அரிச்சாச் சொல்லணும், நெஞ்சை அடைச்சா உடனே சொல்லணும்."
முதல் கால்மணி நேரம் எப்சிபா நகரவில்லை.
ஆணியைச் சப்பினது மாதிரி வாயெல்லாம் ஒரு ருசி,
அதையும் சொல்லணுமா?
அது அப்படித்தான் இருக்கும் என்றார்.
மொத்தம் எவ்வளவு ஏத்துவீங்க சிஸ்டர்?
தடவைக்கு இருநூறு மில்லிகிராம், அஞ்சு தடவை.

கூட்டிப் பார்த்தேன்.
ஒரு கிராம்.
மறுபடி கூட்டினேன்.
ஐம்பது கிராமுக்குக் கீழே என் தராசு
கண்ணே திறக்காது.
அன்றைய விலை கிலோ இருபத்தெட்டு,
மூணு காசு கூடப் பெறாது.
மூணு காசு இரும்பு இல்லாமலா
பாலத்தில் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு
ஆற்றை வேடிக்கை பார்ப்பவள்போல நின்றேன்?
வைகையில் பார்க்க என்ன இருந்தது,
கோரையும் நாலு மாடும்.

அஞ்சாவது பாட்டில் முடிந்தது.
ஓட்டையை அடைக்கணும், ஸ்கேனுக்குத் தேதி இருபத்துமூணு.
அது தனிக் கதை.

போன வாரம் ஒரு கேட்டை இறக்கினார்கள்,
ஒரு பக்கம் நானும் பிடித்தேன்.
எதிரிலிருந்து சீனிச்சாமி கத்தினான்:
"என்னக்கா, எம்மேல கோவமா?
பத்து நாளா ஐஸ் பக்கமே வரலையே."

பத்து நாளா?
சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறது.
அவன் குத்திய குத்தில்
ஒரு சில்லு தெறித்து வந்து
என் காலடியில் மினுங்கியது.
குனிந்தேன்.
பக்கத்தில் கிடந்த நட்டை எடுத்துக்கொண்டு
உள்ளே போனேன்.